சனிக்கிழமை கேட்பு: ஐந்து ஊதுகருவிகளில் ஓர் ஆபரா

வணக்கம் நண்பர்களே. வரும் சனி இரவு 7.30-க்கு கூகுள் மீட்டில் கூடுகிறோம். இந்த முறை ஜூலியோ பிரிச்சால்டி. 1818-ல் இத்தாலியில் பிறந்த ஃப்ளூட் கலைஞர், ஃப்ளூட்டில் இடது கட்டைவிரல் அழுத்தும் பி-ஃபிளாட் சுரத்துக்கான விசைக்கு இவர் பெயர்தான். இசையமைப்பாளர் ரொசினியின் 'செவில் நகரத்து நாவிதர்' என்ற ஆபராவின் (பாடியே நடிக்கும் இசை நாடகம்; ரோமில் 1816-ல் அரங்கேறியது) மெட்டுகளை எடுத்து ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் ஐந்துக்கும் பங்கு போட்டிருக்கிறார்.

1. ஆபராவின் பிரபலமான மெட்டுகளை முன்பே கேட்டுவிட்டு வாருங்கள், அப்போதுதான் எந்த மெட்டு எந்தக் கருவிக்குத் தாவுகிறது என்று பிடிபடும்.
2. ஹெட்போன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் பசூனின் தாழ்ந்த ஒலி காணாமல் போய்விடும், போன முறை எனக்கே நடந்தது.
3. மைக்கை அணைத்து வையுங்கள். குக்கர் விசில் ஆறாவது ஊதுகருவியாக வேண்டாம்!
4. வருபவர்கள் வியாழன் இரவுக்குள் 'சரி' என்று பதில் போடுங்கள். கட்டைவிரல் படம் கணக்கில் வராது.