விழித்திரைக் கேமரா வாங்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்கும் குழுவினருக்கு,

வணக்கம். 25 ஆண்டுகளாக விழித்திரையைப் படமெடுக்கும் கேமராக்களை வடிவமைத்து வருகிறேன். நீங்கள் வெளியிடும் டெண்டர்களை ஒரு வரி விடாமல் படிக்கிறவன். அவற்றில் ஒரே ஒரு வரியை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். ‘சென்சார் குறைந்தது இத்தனை மெகாபிக்சல் இருக்க வேண்டும்’ என்ற வரி அது.

என் முதல் கேமராவை நாங்கள் ஆய்வகத்திலேயே சோதித்தோம். உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள். முப்பது வயதைத் தாண்டாதவர்கள். பார்வை நரம்பு தொடங்கும் நரம்புத்தட்டும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் அச்சடித்தது போல வந்தன. அந்தப் பெருமையோடு ஆரணிப் பக்கம், நீரிழிவால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு முகாமுக்கு எடுத்துப் போனோம். பட்டுத்தறி நெய்து ஓய்ந்த ஓர் அம்மா முதலில் வந்து உட்கார்ந்தார். ஆறு முறை ஃபிளாஷ் அடித்தும் படத்தில் வெள்ளைப் புகைதான் வந்தது. “கண்ணு கூசுது தம்பி, இன்னும் எத்தனை வாட்டிதான் அடிப்பே?” என்று கேட்டார். அன்று மாலைவரை அதே கதை. நான் படித்ததும் செய்ததும் வீண் என்றே தோன்றியது.

ஏன் அப்படி ஆனது என்பது கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. விழித்திரை ஒரு இருட்டறையின் பின்சுவர். அதற்கு வாசல் கண்பாவை ஒன்றுதான். உள்ளே போகும் ஒளியும் திரும்பி வரும் ஒளியும் அந்தத் துளை வழியாகத்தான் போய்வர வேண்டும். திரும்பி வருவது சொற்பம். கருவிழியின் முன்படலத்தில் (கார்னியா) பட்டுத் தெறிப்பது அதை மூழ்கடித்துவிடும். ஸ்வீடன் நாட்டு கண் மருத்துவர் குல்ஸ்ட்ராண்ட் (1911-இல் நோபல் பரிசு பெற்றவர்) இதற்கு வழி சொன்னார்: உள்ளே போகும் பாதையையும் வெளியே வரும் பாதையையும் பாவைக்குள்ளேயே பிரித்துவிடுவது. இன்றைய கேமராக்களில் பாவையின் ஓரத்து வளையம் வழியாக ஒளி போகிறது, நடுவழியாகப் படம் வருகிறது. பாவை சிறுத்தால் இரண்டுக்கும் இடம் போதாது. வயதானால் பாவை சுருங்குகிறது. நீரிழிவு நரம்பைத் தொட்டுவிட்டால் இருட்டிலும் அது சரியாக விரிவதில்லை. அதற்குமேல் கண்புரை வேறு ஒளியைச் சிதறடிக்கும். யாருக்குப் பரிசோதனை அவசியமோ, அவர்களுடைய கண்தான் படமெடுக்கக் கடினமான கண்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் இரண்டு பாவைகளுமே சுருங்கும். அடுத்த கண்ணை எடுக்க இருட்டில் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஜன்னலுக்குத் திரைகூட இல்லாத அறையில், வெளியே ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது, எந்த ஸ்டாஃப் நர்ஸால் காத்திருக்க முடியும்? சொட்டு மருந்து விடலாம்தான். நம் கருப்புக் கண்களில் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். விட்டபின் மங்கிய பார்வையோடு அவர் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர வேண்டும்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமல்ல. தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கூகுள், விழித்திரைப் படத்தில் நீரிழிவுப் பாதிப்பைக் கண்டறியும் தன் செயற்கை நுண்ணறிவுக் கருவியைச் சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டது. ஆய்வகத்தில் அபாரமாக வேலை செய்த அந்தக் கருவி, அங்கே எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று ஒதுக்கிவிட்டது. அறைகளை இருட்டாக்க முடியாதது ஒரு முக்கியக் காரணம். மெகாபிக்சலைக் கூட்டியிருந்தால் அந்தப் புகையைத்தான் இன்னும் துல்லியமாகப் பார்த்திருப்பார்கள்.

நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்கிறது. அவர்களுக்காக வாங்கும் கேமராவை அவர்கள் கண்ணில் வைத்துச் சோதியுங்கள். போட்டியிடும் கேமராக்கள் எல்லாவற்றையும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வையுங்கள். நிறுவனத்து ஆள் யாரும் தொடக்கூடாது. அங்குள்ள நர்ஸே எடுக்கட்டும். ஐம்பதைத் தாண்டிய நீரிழிவுக்காரர்கள், சொட்டு மருந்து இல்லாமல், இரண்டு கண்களும். எந்தப் படம் எந்தக் கேமராவுடையது என்று தெரியாத விழித்திரை மருத்துவர், நம்பிப் படிக்கக்கூடிய படங்களை எண்ணட்டும். அந்த எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுங்கள். இருட்டறைத் திரைத்துணியையும் அதே டெண்டரில் சேருங்கள். கேமரா விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

படம் தெளியாதவர்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடாதீர்கள் என்றும் கெஞ்சிக் கேட்கிறேன். ஆரணி அம்மாவுக்கு முற்றிய புரை இருந்தது. நாங்கள் அன்று அவரை ‘படம் வரவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். கண் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அது எங்கள் தவறு, இன்றும் உறுத்துகிறது.

இப்படி ஒரு சோதனை வைத்தால் முதல் ஆளாக எங்கள் கேமராவைக் கொண்டு வருகிறேன். அது தோற்றால் வாங்காதீர்கள். எந்தெந்தக் கண்ணில் தோற்றது என்ற பட்டியலை மட்டும் கொடுங்கள், திருத்திக்கொண்டு அடுத்த ஆண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு உயிர்மருத்துவப் பொறியாளர்