பூட்டு திறந்து குடுத்த அண்ணனுக்கு நன்றி

பேரு கூட சொல்லாம கிளம்பிட்டாரு அந்த பூட்டுக்கார அண்ணன், அதான் இங்க எழுதுறேன். காத்துல கதவு அடிச்சு சாத்திக்கிச்சு, உள்ள அம்மா படுக்கையில, அவங்களால எழுந்து வந்து திறக்க முடியாது, சுத்தி நின்னவங்க எல்லாரும் உடைச்சிருங்கன்னே சொன்னாங்க. அவரு வந்ததும் இது உங்க வீடுதானான்னு பக்கத்துல விசாரிச்சுட்டுதான் பையையே திறந்தாரு, அது எனக்கு ரொம்ப பிடிச்சது.

சாவி போட்டு பூட்டாத கதவுன்னா வளையற பிளாஸ்டிக் தகடு விட்டு கதவ சாத்துனா தானா மாட்டிக்கிற ஸ்பிரிங் நாக்க உள்ள தள்ளிடலாமாம், ஆனா எங்க நிலைச்சட்டம் மறைச்சுக்கிச்சு. அப்புறம்தான் சாவி ஓட்டை. உள்ள ஸ்பிரிங் வச்ச பின்னுங்க, அதாவது சின்ன உலோகக் குச்சிங்க, ஒவ்வொண்ணும் ரெண்டு துண்டு, சரியான சாவி போனா அந்த துண்டுங்க பிரியுற இடம் எல்லாம் ஒரே கோட்டுல வந்து நிக்கும், அப்பதான் சாவி போற உருளை, அதான் சிலிண்டர், சுத்தும். அவரு வளைஞ்ச கம்பி ஒண்ணால லேசா திருப்பி பிடிச்சுக்கிட்டே இன்னொரு மெல்லிசு கம்பியால ஒவ்வொரு பின்னா தூக்குனாரு. அழுத்தம் கூடுனா எல்லாம் இறுகிடும், விட்டா தூக்குனதெல்லாம் திரும்ப விழுந்துரும், அந்த அளவு அவரு விரலுக்குத்தான் தெரியும். ட்ரில் போடறது கடைசி வழின்னாரு, அதுலயும் பூட்டுதான் போகும், கதவ காப்பாத்திடலாமாம்.

கீறல் கூட இல்ல, பழைய சாவியே இப்பவும் வேலை செய்யுது. வேலை பாத்துக்கிட்டே வெளிய இருந்து "பயப்படாதீங்கம்மா, இதோ திறந்துருவேன்"னு அம்மாகிட்ட பேசிட்டே இருந்தாரே, அதுக்குத்தான் பெரிய நன்றி. அண்ணே, அம்மா உங்கள கேட்டுக்கிட்டே இருக்காங்க.