கேட்க வேண்டியதை மட்டும் கேட்டவர்களுக்கு

வண்ணாரப்பேட்டை முதல் எண்ணூர் வரை, தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களிடையே எச்.ஐ.வி. தடுப்பு வேலை செய்யும் தன்னார்வலர்கள் எழுதும் நன்றி மடல் இது. உதவியவர்களில் பெரும்பாலோர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செய்த வேலையை வைத்து அவரவர் தம்மைக் கண்டுகொள்ளட்டும்.

முதல் வணக்கம், அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் அக்காமார்களுக்கு. ஆணுறை கிழிந்தோ, போடாமலோ உறவு நடந்துவிட்டால், எச்.ஐ.வி. தொற்றிவிடாமல் தடுக்கும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. பிறகு 28 நாள், ஒரு நாள் விடாமல். ஆனால் பயந்தவன் போடும் கணக்கு வேறு. சனிக்கிழமை ராத்திரி நடந்ததை ஞாயிறு முழுக்க மனசுக்குள் போட்டுப் புரட்டுவான். திங்கட்கிழமை ஓ.பி. வரிசையில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவான். செவ்வாய் ராத்திரியோடு கெடு முடிந்துவிடும். "யாரோட போன?", "கல்யாணம் ஆகலையா?" என்று கேட்பதால் மருந்து மாறப்போவதில்லை. "எத்தனை மணிக்கு நடந்துச்சு தம்பி?" என்று மட்டும் கேட்டீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் முதல் மாத்திரை கிடைக்கும்படி டாக்டரிடம் பேசினீர்கள். அதுதான் சரியான முறையும்கூட.

எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையங்களின் ஆலோசகர்களுக்கு இதற்கு நேர்மாறான காரணத்துக்காக நன்றி. நீங்கள் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேட்டீர்கள். "வேற பொண்ணுங்ககிட்ட போனீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிட்டே ஒருவர் எழுந்து போய்விடலாம், ஆபத்துக் குறைவு என்று பதிவாகிவிடும். ஆணோடு உறவு உண்டா, ஆசனவாய் வழியாகவா, வாய் வழியாகவா என்று வானிலை விசாரிக்கும் குரலில் கேட்டால் பதில் வருகிறது. இது அவசியம். ஆசனவாயிலும் தொண்டையிலும் வரும் கொனோரியாவும் கிளமிடியாவும் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. சிறுநீரைச் சோதித்தால் அவை அகப்படாது. பால்வினை நோய் மறைந்திருக்கும் இடத்தில் எச்.ஐ.வி. சுலபமாகத் தொற்றும். சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனையையும் நீங்கள் சேர்த்தே எழுதிக் கொடுத்தது பெரிய உதவி.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது இதே சென்னையில், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். இத்தனை வருடம் கழித்தும் இங்கே பரிசோதனைக் கருவிக்குக் குறைவில்லை, வாசலைத் தாண்டுவதுதான் பாடு. அதனால் பரிசோதனை முகாமுக்கு மகளிர் குழுவினர் மண்டபம் தந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். பிரஷர், சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ் எல்லாம் ஒரே வரிசையில். எதற்காக நிற்கிறார் என்பது பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. சிவப்பு ரிப்பன் படம் எங்கேயும் இல்லை. பெயருக்குப் பதில் டோக்கன் எண். இதிலும் தப்பு நடக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: முடிவு சொல்லும் அறை. தொற்று இல்லாதவர் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து, அடுத்தவர் அரை மணி நேரம் உள்ளேயே இருந்தால், வெளியில் இருப்பவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியாதா? அதனால் எல்லோரையும் குறைந்தது பத்து நிமிடம் உட்கார வைக்கச் சொன்னது குழுவில் இருந்த அக்கா ஒருவர்தான். முதல் சோதனையில் தொற்று காட்டியவரிடம் "இது முடிவு இல்லை, வேறு இரண்டு வகைக் கருவியிலும் பார்க்க வேண்டும்" என்று விளக்க அந்தப் பத்து நிமிடம் பயன்படுகிறது. தொற்று இல்லை என்று வந்தவரிடம், கடைசி உறவு மூன்று மாதத்துக்குள் நடந்திருந்தால் திரும்ப வரச் சொல்லவும் அதே நேரம்.

மருந்துக் கடை அண்ணன்களே, உங்களுக்கு. உறவின்போது வழுவழுப்புக்குத் தடவும் ஜெல் கேட்டால் பார்வை ஒரு மாதிரி மாறும், தேங்காய் எண்ணெய் கேட்டால் யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதனால்தான் பலர் எண்ணெய்க்குப் போகிறார்கள். எண்ணெயும் வாசலினும் லேட்டக்ஸ் ஆணுறையைச் சில நிமிடத்திலேயே பலவீனமாக்கி, கிழிய வைக்கும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லைக் கல்லா பக்கத்திலேயே, பல்பொடி, ஷேவிங் கிரீமோடு கைக்கு எட்டும்படி வைத்தீர்கள். தொற்று வராமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரை விஷயத்திலும் அப்படியே. அதில் இருக்கும் டெனோபோவிர் தொற்று உள்ளவர்களுக்கான கூட்டு மருந்திலும் இருப்பதால், வீட்டில் பாட்டிலைப் பார்த்த யாராவது கூகுளில் தேடினால் கதை வேறாகிவிடும். பாட்டிலின் லேபிளை உரித்துக்கொள்ளலாம், காலாவதித் தேதியை மட்டும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்; உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியக் கூடாது. இதைச் சொல்லியே கொடுத்தீர்கள்.

பிரெப் தினமும் ஒன்று. எப்போதாவது மட்டும் உறவு கொள்ளும் ஆண்கள், உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு மாத்திரை, அந்த இரண்டைப் போட்டதிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று என்றும் எடுக்கலாம். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது முறை ஆகாது. சீட்டு இல்லாமல் கேட்டவரை, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றும் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினீர்களே, அதற்குத் தனி நன்றி. தொற்று இருப்பது தெரியாமல் பிரெப் எடுத்தால் மருந்து பிறகு வேலை செய்யாமல் போக வாய்ப்பு உண்டு.

காசிமேடு விசைப்படகு முதலாளிகளில் சிலர், எச்.ஐ.வி. மாத்திரை போடும் ஆட்களைத் துருவாமல் விட்டார்கள். கடலுக்குப் போகும் நாட்களைக் கணக்குப் போட்டு, திரும்பத் தாமதமானாலும் போதும்படி கூடுதலாக எடுத்துப் போக வேண்டும். உப்பு ஈரம் படாமல் பாட்டிலை ஜிப் கவரில் போட வேண்டும். தொடர்ந்து சிகிச்சையில் இருந்து, ரத்தத்தில் வைரஸ் அளவு மில்லிக்கு 200-க்குக் கீழேயே நிற்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரைக்காகத் தாம்பரம் வரை ரயில் ஏறுகிறவர்கள்தான் பெரும்பாலும் நடுவில் விட்டுவிடுகிறார்கள். ஒரு வேலை நாள் கூலி போகிறதே.

வழக்கறிஞர் தம்பிக்கு: 2018 செப்டம்பர் 6-ல், சம்மதத்தோடு நடக்கும் தன்பாலுறவு குற்றமல்ல என்று 377-ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பு, அதே மாதம் 10-ல் எச்.ஐ.வி. சட்டம் அமல். சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, வேலைக்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கக் கூடாது. இரண்டையும் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தீர்கள். சட்டைப் பையில் மடித்து வைக்கிற அளவு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் கரையில் இருப்பார்கள், முகாம் வைக்கத் தோதான நேரம். திருவொற்றியூர் பக்கம் ஒரு மண்டபம் தேடுகிறோம். வருகிற வழியும் போகிற வழியும் தனித்தனியாக, இரண்டு வாசல் உள்ளதாக இருந்தால் சொல்லுங்கள். அதுவரை சந்தேகம் கேட்க 1097, கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
வடசென்னைத் தன்னார்வலர்கள்