செயலாளர் ஆண்டறிக்கை, 2025 – பெர்லின் தமிழர் இசை வட்டம்

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொங்கல் சந்திப்பு, ஜூன் மாத ஏரிக்கரைச் சுற்றுலா, செப்டம்பரில் கர்நாடக இசை மாலை, மூன்றும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு ஐந்து முறை கூடியது.

நான் அதிகம் ஓடியது ஆய்லன்புர்க் பாடல்களுக்காகத்தான். அதற்கு ஏன் இவ்வளவு செலவு என்று சிலர் கேட்டதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். மவுவர்பார்க் ஞாயிறு சந்தையில் ஒரு பழைய பெட்டிக்குள் 'ரோஸன்லீடர்' இசைத்தாள்கள் கிடைத்தன. பாட்டும் மெட்டும் பிலிப் ட்ஸு ஆய்லன்புர்க். 1894 முதல் வியன்னாவில் ஜெர்மன் தூதராக இருந்தவர், ஜெர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு மிக நெருங்கிய நண்பர், பியானோவில் உட்கார்ந்து தானே பாடுவார், கைசர் அருகில் நின்று இசைத்தாளின் பக்கங்களைப் புரட்டிக் கொடுப்பாராம். ஐந்தும் ரோஜாப் பாட்டுகள். அதில் 'ஸீரோஸெ' என்பது மட்டும் ரோஜாவே இல்லை, நம் ஊர் அல்லி!

ஒரு காலத்தில் ஜெர்மன் வீடுகளில் பியானோ இருந்தால் இந்தப் பாட்டும் இருக்கும். அப்புறம் 1906 இறுதியில் மாக்ஸிமிலியான் ஹார்டன் தன் பத்திரிகையில் அவரைக் குறிவைத்து எழுத ஆரம்பித்தார். ஆண்களோடு உறவு என்பது குற்றச்சாட்டு, அன்று அது சட்டப்படி குற்றம். அப்படி எதுவும் இல்லை என்று அவர் நீதிமன்றத்தில் செய்த சத்தியம் பொய் என்று 1908இல் வழக்கு தொடங்கி, உடல்நலமில்லை என்று பாதியிலேயே நின்றது. தீர்ப்பே வரவில்லை. 1921இல் பெர்லினுக்கு வடக்கே லீபன்பெர்கில், தன் மாளிகையில் இறந்தார். மனிதர் விழுந்தபோது பாட்டும் சேர்ந்து விழுந்தது, எனக்கு மனசு கேட்காதது அதுதான். அவருடைய அரசியலும், கோபினோ மாதிரி இனவெறி எழுதியவரோடு கொண்ட நட்பும் எனக்கும் ஒப்பில்லை. ஆனால் அந்த அல்லிப் பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தப் பாட்டுகளுக்காக நாங்கள் வைத்த கச்சேரிக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். ஒரு பாடகியையும் பியானோ கலைஞரையும் ஏற்பாடு செய்து, முப்பது பேருக்குச் சுண்டல் செய்து வைத்துக் காத்திருந்தோம். வர முடியாது என்று முதல் நாள் ஒரு வரி போட்டிருக்கலாம். லீபன்பெர்க் மாளிகைக்கு, லோவன்பெர்க் வரை ரயிலிலும் அங்கிருந்து டாக்சியிலும் போனவர்கள் நான்கே பேர். இன்று அது ஓட்டல், உள்ளே காபி குடித்துவிட்டு அவர் நடந்த பூங்காவில் வெகுநேரம் சுற்றினோம்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாடகையும் கலைஞர் சன்மானமும் போகக் கையில் கொஞ்சம் மிச்சம். சந்தா பாதிப் பேர் கட்டவில்லை, சிலருக்கு மூன்றாவது ஆண்டாக நிலுவை. பெயர் போட எனக்கு மனமில்லை.

கூடம் கொடுத்தவருக்கும், சமைத்தவர்களுக்கும், பழைய ஜெர்மன் எழுத்தைப் படித்துச் சொன்ன அக்காவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அவருடைய 'ஸ்கால்டன்கெஸாங்கெ' பாடல்களைப் பாட வைக்க ஆசை. அதே பாடகி நவம்பரில் வரச் சம்மதித்திருக்கிறார், ஆனால் மார்ச்சுக்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டும். செயலாளராகத் தொடர்வதா என்பதையும் அதுவரை முடிவு செய்யாமல் வைத்திருக்கிறேன். பொருளாளரின் வங்கிக் கணக்கு எண் மாறவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்