எட்டு மணிக்கு வாசலில் நிற்கும் அம்மா அப்பாக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சாயங்காலம் 6 மணிக்குப் பிள்ளையை என் மாடியில் டியூஷனுக்கு விட்டுவிட்டு 8 மணிக்குக் கூட்டிப்போக வருகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் பேசும்போது பிள்ளையும் பக்கத்தில் நிற்கிறது, பிரச்சினையே அதுதான்.

ஸ்கூட்டியை அணைக்காமலேயே கேட்கிறீர்கள்: "என்ன மிஸ், இவன் தேறுவானா?" நான் வாய் திறப்பதற்குள் பதிலையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்: "எங்க, மண்டையில ஒண்ணும் ஏறாது. இவங்க அக்கா இப்படியில்ல." செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் பையன் அந்த நேரத்தில் என்ன செய்கிறான் என்று நீங்கள் பார்த்ததே இல்லை. நான் தினமும் பார்க்கிறேன். மாட்டிய செருப்பைக் கழற்றி மறுபடியும் மாட்டுவான், எல்லோரும் பேசி முடிக்கிற வரை தலையை நிமிர்த்தாமல் இருக்க வேண்டுமே.

இவன் நாலாவது படிக்கிறான். போன மாதம் 402லிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னேன். நடுவில் பூஜ்யம் உட்கார்ந்திருப்பதால் பக்கத்தில் கடன் வாங்க ஆளில்லை, நூறு வரை போய் வாங்கி வர வேண்டும், எந்தப் பிள்ளையும் தடுமாறுகிற கணக்கு. இவன் 224 என்று சரியாகத்தான் போட்டிருந்தான். நான் பக்கத்தில் வந்து குனிந்ததும் ரப்பரை எடுத்து அழித்துவிட்டான். ஏன்டா அழிச்சே என்றேன். "தப்பா இருக்கும் மிஸ்" என்றான். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் தாள் நைந்துபோய், ரெண்டு இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது. கணக்கு வரவில்லை என்று சொல்லித்தான் என்னிடம் சேர்த்தீர்கள். கணக்கு வருகிறது, அதை நம்பத்தான் அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

"கண்ணு ரெண்டையும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க மிஸ்" என்று சொல்பவர்களும் இருக்கிறீர்கள். பாசத்தில் சொல்வதுதான், தெரியும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதோடு சேர்த்து மனதைப் புண்படுத்தித் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வீட்டு வாசலுக்கு அந்தச் சட்டம் வராது, சரி. ஆனால் வாத்தியார் சொல்லக் கூடாத வார்த்தை அம்மா வாயிலிருந்து வந்தால் மட்டும் வலிக்காதா என்ன?

அப்போ பாராட்டிக்கொண்டே இருந்தால் சரியாகிவிடுமா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்னொரு வீட்டில் பெண் பிள்ளை, வாய்க்கு வாய் "எங்க வீட்டு அப்துல் கலாம்". அவள்தான் 20க்கு 13 வாங்கிய பேப்பரில் 3ஐ 8 ஆக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு ஆத்திரம், பொய் சொல்லப் பழகிவிட்டாளே என்று. அப்துல் கலாம் 13 வாங்கக் கூடாதே, அவள்தான் வேறு என்ன செய்வாள்! 1998ல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். புதிர் போட்டு முடித்ததும் சில பிள்ளைகளிடம் "நீ கெட்டிக்காரன்" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்து எல்லோரையும் தோற்கவிட்டார்கள். பிறகு, முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்கு உன் மதிப்பெண்ணை எழுது என்றபோது, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்களில் பத்துக்கு நாலு பேர் வரை கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் அதைவிட ரொம்பக் குறைவு. "சமத்து", "அறிவாளி" எல்லாம் பிள்ளை காப்பாற்ற வேண்டிய சொத்தாகிவிடுகிறது. "அந்தக் கணக்கை மூணு தடவை போட்டுப் பார்த்தியே" என்றால், பார்த்ததைத்தானே சொல்கிறோம், அதில் அவள் காப்பாற்ற எதுவும் இல்லை.

நானும் யோக்கியம் இல்லை. "இது கூடவா தெரியாது" என்று பத்துப் பிள்ளைகள் முன்னால் கேட்டிருக்கிறேன், கேட்டுவிட்டு மறந்தும் இருக்கிறேன். ஒரு பிள்ளையிடம் மட்டும் மறுநாள் "நேத்து மிஸ் சொன்னது தப்பு" என்றேன். அவள் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அப்புறம் அவளாகவே எழுந்து வந்து சந்தேகம் கேட்க ஆரம்பித்தாள். வீட்டில் சொல்லிப் பாருங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது.

ரப்பர் பையனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கூட்டல் கணக்கை அவன்தான் திருத்துகிறான், சிவப்புப் பேனாவோடு. முதல் நாள் ஒவ்வொரு டிக்குக்கும் என் முகத்தைப் பார்த்தான், நான் வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் அவன் நோட்டில் ரப்பர் தேய்வது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. வீட்டிலும் இதுபோல நிஜமான வேலை ஏதாவது கொடுங்கள். மளிகைக் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை வாங்கி இன்னொரு தடவை எண்ணாதீர்கள், இரண்டு ரூபாய் குறைந்தால் குறையட்டும்.

எட்டு மணிக்கு வாசலில் இனி என்னிடம் படிப்பைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். பகலில் 11 மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன், போன் செய்யுங்கள், எவ்வளவு நேரமானாலும் பேசலாம்.

அப்புறம், இந்த மாத ஃபீஸ் பாக்கி வைத்திருப்பவர்கள் பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புங்கள். எண்ணித்தான் கொடுப்பான்.

இப்படிக்கு,
மாடி டியூஷன் மிஸ்