அக்சியான் இல்லை என்று யாரும் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் அறிவியல் பக்கத்தில் ‘அக்சியான் இல்லை: நியூட்ரான் விண்மீன் காட்டிக்கொடுத்தது’ என்று தலைப்பு போட்டிருந்தீர்கள். செய்தி குறிப்பிடும் ஆய்வு 2022இல் ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் வந்தது. அதில் இருப்பது ஓர் உச்சவரம்பு மட்டுமே. அக்சியான் என்பது கோட்பாட்டில் மட்டும் உள்ள, இன்னும் யாரும் காணாத துகள். அப்படி ஒரு துகள் இருந்தால் அதன் நிறை 16 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டைத் (துகள்களின் நிறையை அளக்கும் மிகச் சிறிய அலகு) தாண்டாது, நம்பகம் 95 விழுக்காடு. ‘இல்லை’ என்பது வேறு, ‘இவ்வளவுக்கு மேல் இல்லை’ என்பது வேறு.

கணக்கின் அடிப்படையைச் செம்பனை ஆலையில் பாய்லர் பார்ப்பவருக்கு விளக்கவே வேண்டாம். உள்ளே எவ்வளவு சூடு, அது எந்த வழியில் வெளியேறுகிறது என்று தெரிந்தும் பாய்லர் கணக்கை மீறி ஆறினால் எங்கோ கசிவு. பெரிய விண்மீன் வெடித்த பின் எஞ்சும் அடர்ந்த கருவே நியூட்ரான் விண்மீன். அதில் எரிபொருள் கிடையாது. பிறந்தபோது இருந்த சூட்டை ஏறக்குறைய முதல் 100,000 ஆண்டுகளுக்கு நியூட்ரினோ என்ற, எதிலும் எளிதில் சிக்காத துகளாகவும், பிறகு பெரும்பாலும் மேற்பரப்பு ஒளியாகவும் இழக்கிறது. உள்ளே நியூட்ரானும் புரோட்டானும் மோதும்போது அக்சியானும் பிறந்தால், அது எதிலும் சிக்காமல் வெளியேறி மூன்றாவது கசிவாகும்.

எந்த வயது விண்மீனை எடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம். திருத்திய உர்கா எனப்படும் அணுத்துகள் வினையின் வழி போகும் நியூட்ரினோ இழப்பு உள்வெப்பநிலையின் 8ஆம் அடுக்கைப் பொறுத்தது. (உர்கா என்பது ரியோ டி ஜெனிரோவில் இருந்த சூதாட்ட விடுதியின் பெயர். அங்கே பணம் போன வேகத்தில் இங்கே வெப்பம் போகிறதாம்.) அக்சியான் இழப்பு 6ஆம் அடுக்கைப் பொறுத்தது. வெப்பநிலை பாதியானால் முன்னது 256 மடங்கு குறையும், பின்னது 64 மடங்குதான். இளம் விண்மீனில் நியூட்ரினோ வெள்ளம் அக்சியானை மறைத்துவிடும், மிக முதிர்ந்ததில் ஒளி இழப்பு மறைத்துவிடும். அதனால்தான் இடைப்பட்ட வயதில் ஐந்து விண்மீன்களை எடுத்தார்கள்.

வயதில் பிசகினால் எல்லாமே பிசகும். ஆர்எக்ஸ் ஜே1856 என்ற விண்மீன் சுமார் 400 ஒளியாண்டு தூரத்தில், 7 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. சுழற்சி குறையும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் வயது சுமார் 3.8 மில்லியன் ஆண்டு வரும். வானில் அது நகரும் பாதையைப் பின்னோக்கி, பிறந்த விண்மீன் கூட்டம் வரை நீட்டினால் 400,000 ஆண்டுகள்தான். முதல் எண்ணை நம்பினால் அந்த வயதுக்கு விண்மீன் சூடாகத் தெரியும், கூடுதல் கசிவுக்கு இடமே இருக்காது, வரம்பு பொய்யாகக் கடுமையாகும். ஆய்வாளர்கள் பாதை வழி வயதைத்தான் எடுத்தார்கள்.

அடுத்த சிக்கல் மேற்பரப்பு. நமக்குத் தெரிவது மேலோட்டின் சூடு, வேண்டியது உள்சூடு. மேலோட்டில் ஹைட்ரஜன், ஹீலியம் போன்ற லேசான தனிமங்கள் இருந்தால் வெப்பம் எளிதில் வெளிவரும், அதே உள்சூட்டுக்கு விண்மீன் கூடுதல் பிரகாசமாகத் தெரியும். உள்ளே துகள்கள் உராய்வின்றிப் பாயும் மீப்பாய்ம நிலையும் இழப்பின் வேகத்தை மாற்றும். ஆகவே இவற்றை எல்லாம் மாற்றி மாற்றி, அக்சியானோடும் இல்லாமலும் குளிர்வுக் கணக்கைப் போட்ட பிறகே வரம்பைச் சொல்ல முடியும். அந்த 16 கூட, அக்சியானை விவரிக்கும் கோட்பாடுகளில் ஒன்றான கேஎஸ்விஸெட் மாதிரிக்கு உரிய எண். அதில் அக்சியான் நியூட்ரானோடு ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை. பெயர் நியூட்ரான் விண்மீன் என்றாலும், வரம்பைத் தருவது உள்ளே சிறுபான்மையாக இருக்கும் புரோட்டான்கள்!

கட்டுரையோடு வந்த படம் காசியோப்பியா ஏ என்ற விண்மீன் வெடிப்பின் எச்சம். அதன் நடுவில் உள்ள நியூட்ரான் விண்மீன் அந்த ஐந்தில் ஒன்றல்ல. 340 வயது மட்டுமே ஆன அந்த விண்மீன் பத்தாண்டில் 4 விழுக்காடு குளிர்ந்ததாக 2010இல் அறிவித்தார்கள். அக்சியான் கசிவாக இருக்குமோ என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் சந்திரா எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கியின் கருவியில் நாளடைவில் படிந்த மாசு, மெல்லிய எக்ஸ்ரேயைத் தடுக்கிறது. அதைச் சரிசெய்த பிந்திய கணக்குகளில் குளிர்வு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. நியூட்ரான்கள் மீப்பாய்மமாக மாறுவதே அதை விளக்கப் போதும். காசியோப்பியா ஏவை அக்சியான் விஷயத்தில் ஆதாரமாகக் காட்டுவது எங்கள் பார்வையில் அவசரம்.

இன்னொன்று. கரும்பொருளாக (ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருளாக) இருக்கக்கூடிய அக்சியானை அமெரிக்காவின் ஏடிஎம்எக்ஸ் போன்ற சோதனைகள் தேடுவது சில மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட் அளவில். அது இந்த வரம்புக்கு ஆயிரம் மடங்குக்கும் கீழே, இந்த ஆய்வு மூடாத கதவு.

திருத்தம் போடுவதாக இருந்தால் உங்கள் செய்தியில் வந்த ‘16 மி.எ.வோ.’ என்ற சுருக்கத்தையும் மாற்றுங்கள். ‘மி’ மில்லியா மில்லியனா என்று படிவம் 6 மாணவர்கள் கேட்கிறார்கள். இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு இருக்கிறது.

இயற்பியல் ஆசிரியர்கள் இருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.