தெர்மாகோல் கல்: விழிப்புணர்வு இல்லாதவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் தெர்மாகோல் கழிவிலிருந்து எடை குறைந்த கட்டுமானக் கல் தயாரிப்பதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் கடைசிப் பத்தியில், "தொழில்நுட்பம் தயார், மக்களிடம்தான் விழிப்புணர்வு இல்லை" என்று ஒரு வரி. கட்டுரையாளர் யாரைக் கேட்டு இதை எழுதினாரோ! தூத்துக்குடிப் பக்கம் ஹாலோ பிளாக் பட்டறை வைத்து இந்தக் கல்லை அச்சில் அடித்துப் பார்த்த என்னைக் கேட்கவில்லை.

மீன் ஏலக்கூடத்தில் உடைந்த பெட்டிகளைக் கூட்டி அள்ளும் பெண்கள், "அண்ணாச்சி, இதையும் எடுத்துக்கொண்டு போங்கள்" என்று வண்டியை மறித்துக் கொடுப்பார்கள். டிவி கடைக்காரர்களும் அப்படியே. காசு கேட்டவர் எவருமில்லை. ஆனால் தெர்மாகோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. லாரி நிறைய ஏற்றினாலும் அரை டன் தேறாது. காற்றுக்கு டீசல் போட்டுக் கொண்டுவருபவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

வந்த பெட்டியில் உப்பும் மீன் பிசுக்கும் போகக் கழுவ வேண்டும். அரைத்தால் மணிமணியாக உதிர்ந்து கை, சட்டை, புருவம் என்று ஒட்டிக்கொள்ளும். அப்படியே கலவையில் கொட்டினால் மணி மேலே மிதக்கும், சிமெண்ட் அடியில் நிற்கும். முதலில் சிமெண்ட் பாலில் மணியைப் புரட்டிவிட்டு, அதன் பிறகே எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்க்க வேண்டும். அச்சில் அதிர்வு சற்றுக் கூடினாலும் மணியெல்லாம் மேலே ஏறிவிடும். இத்தனையும் பழகி, கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ இருக்கும் சாதாரணக் கான்கிரீட்டின் எடையில் பாதிக்கும் கீழே கொண்டுவந்தோம்.

அந்தக் கல்லோடு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். கையில் வாங்கிப் பார்த்த பொறியாளர், "இதை வைகை அணையில் மிதக்கவிடலாமே" என்றார். அறை முழுவதும் சிரிப்பு. 2017இல் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அங்கே அமைச்சர் தெர்மாகோலை மிதக்கவிட்டதற்கு நானா பொறுப்பு? சிரித்து முடித்த பிறகு, அரசு வேலைகளுக்கான விலைப்பட்டியலில் இந்த இனமே கிடையாது, பட்டியலில் இல்லாததை எஸ்டிமேட்டில் எழுத முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொருவர், தீப்பிடிக்குமா என்றார். நியாயமான கேள்வி. கைக்காசைக் கட்டிச் சோதனை அறிக்கை வாங்கிக் கொடுத்தேன். அதைப் பிரித்துப் படித்ததாகத் தெரியவில்லை.

அனல்மின் நிலையத்துச் சாம்பலுக்கு என்ன நடந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் சாம்பல் கலந்தே ஆக வேண்டும் என்று 1999இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. எங்கள் பக்கம் அதுவரை சாம்பல் கல்லை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தவர்களே பிறகு லோடு லோடாக ஏற்றினார்கள். அது என்ன, ஒரே இரவில் வந்த விழிப்புணர்வா?

2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தெர்மாகோல் தட்டுக்கும் கோப்பைக்கும் தடை. தள்ளுவண்டிக்காரரிடம் அபராதம் வசூலிக்க ஆள் வருகிறது. டிவி பெட்டிக்குள் வரும் தெர்மாகோலுக்கு அந்தத் தடை கிடையாது. பொருளைப் பொதிந்து விற்பவரே பொதியைத் திரும்ப எடுக்கப் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. எந்தக் கம்பெனி வண்டி எங்கள் ஊருக்கு வந்தது? பண்டிகைதோறும் அந்தக் கம்பெனிகளின் முழுப்பக்க விளம்பரம் மட்டும் தங்கள் முதல் பக்கத்துக்குத் தவறாமல் வருகிறது. நிருபரை அங்கே அனுப்பி விழிப்புணர்வைப் பற்றிக் கேட்கலாம். முன்பு எம்-சாண்ட் விலை பற்றி நான் எழுதிய கடிதத்தில் இப்படிப்பட்ட வரிகளைத்தான் வெட்டினீர்கள். இதையும் வெட்டுங்கள், வருத்தமில்லை.

ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள். "இந்தக் கல்லில் வீடே கட்டலாம்" என்று கட்டுரையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஒருவர் என் பட்டறைக்கு வந்து, தளம் தாங்கும் சுவருக்குக் கல் கேட்டார். பட்டறையில் அடிக்கும் இந்தக் கல் தளச் சுமையைத் தாங்காது. தடுப்புச் சுவருக்கு வைக்கலாம், கழிப்பறைத் தரைக்கு அடியில் விடும் பள்ளத்தை நிரப்பச் செங்கல் ஜல்லிக்குப் பதிலாக இதே கலவையைக் கொட்டலாம், அவ்வளவே. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எல்லாப் பட்டறையிலும் அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடமில்லை என்றால் ராசிபலனில் என் ராசியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஹாலோ பிளாக் உற்பத்தியாளர்,
தூத்துக்குடி மாவட்டம்